இரண்டு 33-கள்

வட கரோலினா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியில் இதுவரை ஆடியவர்களில் ஆகப் பெரிய ஆட்டக்காரர் யார்? எங்கள் வட்டாரத்தில் இதை யாரும் ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்வதில்லை. ராலேயிலிருந்து டர்ஹம் வரை எந்த வீட்டுக் கூடத்தில் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: மைக்கேல் ஜோர்டன். பக்கத்திலேயே இருக்கும் பரம எதிரி டியூக் பல்கலைக்கழகத்தின் ரசிகர்கள்கூட இதில் மல்லுக்கு நிற்பதில்லை. போன சீசனில் ஒரு சனிக்கிழமை, ஆட்டம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேச்சு இங்கே வந்து நின்றது. நண்பரின் மகன் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் சாப்பல் ஹில்லில்தான் படிக்கிறான். "மாமா, ஜோர்டன் பேரை ஒண்ணாவதா எழுதிட்டு அடுத்த ஆளுக்கு வாங்க. டிபேட்டே ரெண்டாவது இடத்துலேர்ந்துதான்" என்றான். அவன் அப்பா இன்னும் ஒரு படி மேலே போய், "யுனிவர்சிட்டியே எட்டு பேரைப் பொறுக்கி எடுத்து, அவங்க ஜெர்ஸியை அரங்கத்துக் கூரையில தொங்கவிட்டிருக்கான். அந்த எட்டு பேருக்குள்ள பேசுங்க. அதைத் தாண்டிப் போனா விடிய விடியப் பேசலாம்" என்று வரம்பு கட்டிவிட்டார்.

ஜோர்டன் விஷயத்தில் எனக்கு வேறு கருத்து உண்டு, அதை அன்றைக்கே சொல்லிவிட்டேன். ஆனால் அந்த எட்டுப் பேர் வரம்புதான் மனதை விட்டுப் போகவில்லை. வேலைக்கு நடுவிலும், 40-ஆம் நம்பர் சாலை நெரிசலில் நிற்கும்போதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். யாரை வைத்துப் பேச வேண்டும் என்பதை முன்கூட்டியே ஒரு விதி முடிவு செய்துவிட்டால், அப்புறம் நாம் பேசுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

முதலில் ஜோர்டன். அவர் சாப்பல் ஹில்லில் ஆடியது மூன்று சீசன்கள், 1981 முதல் 1984 வரை. 101 ஆட்டங்களில் 1,788 புள்ளிகள், சராசரி 17.7. மோசமில்லை. கடைசி சீசனில் நாட்டின் சிறந்த வீரர் விருதுகளையும் வாங்கினார். ஆனால் அந்த நீல ஜெர்ஸியில் அவர் செய்தவற்றில் எல்லோருக்கும் உடனே நினைவுக்கு வருவது ஒரே ஒரு ஷாட். 1982 தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதியாட்டம், நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம், ஜார்ஜ்டவுன் ஒரு புள்ளி முன்னால், இடது பக்கத்திலிருந்து முதலாண்டு மாணவன் ஒருவன் எழும்பிப் போட்ட ஷாட், 63-62. அந்த ஆட்டம் முழுவதும் இணையத்தில் கிடைக்கிறது. பார்க்காதவர்கள் உட்கார்ந்து பாருங்கள். கடைசி நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்தவர்களுக்கு ஜோர்டன்தான் தெரிவார். முழுதாகப் பார்த்தால் கண் போவது அதே கரோலினா அணியின் ஜேம்ஸ் வொர்தியின் பக்கம். 17 முறை எறிந்து 13 முறை உள்ளே போட்டார், மொத்தம் 28 புள்ளிகள். அவ்வளவு உயரமும் எடையும் உள்ள ஆள், பந்து கைக்கு வந்ததும் ஒரே காலில் திரும்பி, தடுக்க நிற்பவன் எந்தப் பக்கம் சாய்வது என்று முடிவெடுப்பதற்குள் கூடைக்கு அடியில் போய் நிற்பார். ஜோர்டனின் ஷாட்டுக்குப் பிறகு ஜார்ஜ்டவுனின் ஃப்ரெட் பிரவுன் தன் ஆள் என்று நினைத்து நேராக எதிரணிக்காரர் ஒருவரின் கையில் பந்தைக் கொடுத்தாரே, அந்தக் கையும் வொர்தியுடையதுதான். அந்த ஆண்டு இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே.

அதற்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1983-ல் ஜார்ஜியாவிடம் தோற்று, தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளான 'இறுதி நால்வரில்'கூட இடம் கிடைக்கவில்லை. 1984 அணியில் ஜோர்டன், சாம் பெர்கின்ஸ், பிராட் டாஹர்ட்டி, கென்னி ஸ்மித் என்று நான்கு பேர் பின்னாளில் தொழில்முறை லீகான என்பிஏ-வில் நீண்ட காலம் ஆடியவர்கள். அந்த அணி இண்டியானாவிடம் 72-68 என்று தோற்று வெளியேறியது. அன்று ஜோர்டன் எடுத்தது 13 புள்ளிகள். ஒரு மோசமான நாளை வைத்து யாரையும் எடை போடக் கூடாது, சரி. ஆனால் ஒரு நல்ல ஷாட்டை வைத்தும் எடை போட முடியாது. ஆறு என்பிஏ பட்டங்களையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, சாப்பல் ஹில்லில் நடந்ததை மட்டும் பார்த்தால் ஜோர்டன் முதல் ஐந்துக்குள் வருவார். முதல் இடத்துக்கு வர மாட்டார். அவர் உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரராக ஆனது என்பிஏ-வில், சிகாகோ அணியில்.

எட்டுப் பேருக்குள் பேசினால்

வரம்பை ஏற்றுக்கொண்டே கொஞ்சம் பேசிப் பார்ப்போம். எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்வதென்றால் டைலர் ஹான்ஸ்ப்ரோவுக்குக் கொடுத்துவிட்டு எழுந்துவிடலாம். நான்கு ஆண்டுகளும் தங்கினார், 2,872 புள்ளிகள், 1,219 ரீபவுண்டுகள், 2009-ல் தேசியப் பட்டம். 2007-ல் டியூக்குடன் நடந்த ஆட்டத்தின் கடைசி நொடிகளில் முழங்கை இடித்து மூக்கு உடைந்து, முகமெல்லாம் ரத்தத்தோடு அவர் தரையிலிருந்து எழுந்த கோலம் இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். 2008-ல் நாட்டின் சிறந்த வீரர் விருதை வாங்கிய பிறகும் பணத்துக்காக என்பிஏ-வுக்குப் போகாமல் இன்னொரு வருடம் இருந்து பட்டத்தை வென்றார். அவரை முதலில் வைப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அழகான ஆட்டம் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு புள்ளியையும் பிடுங்கி எடுப்பார். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

லென்னி ரோஸன்ப்ளூத்தைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அந்தக் காலத்தில் முதலாண்டு மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் முதன்மை அணியில் ஆட முடியாது. 1972-ல்தான் அந்தத் தடை நீங்கியது. அதனால் அவருக்குக் கிடைத்ததும் மூன்றே சீசன்கள். 76 ஆட்டங்களில் 2,045 புள்ளிகள், சராசரி 26.9. 1957-ல் அந்த அணி 32 ஆட்டங்கள் ஆடி ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அரையிறுதியில் மிச்சிகன் ஸ்டேட்டுடன் ஆட்டம் சமனாகி, ஐந்தைந்து நிமிடமாக மூன்று ஓவர்டைம். மறுநாளே இறுதியாட்டத்தில் வில்ட் சேம்பர்லைனின் கேன்ஸஸுடன் மறுபடியும் மூன்று ஓவர்டைம். 54-53. அந்த இறுதியாட்டத்தில் ரோஸன்ப்ளூத் 20 புள்ளிகள் எடுத்து, ஐந்தாவது ஃபவுல் வாங்கி, ஓவர்டைம் தொடங்கும் முன்பே வெளியே உட்கார வேண்டியதாயிற்று. ஜோ க்விக் போட்ட ஃப்ரீ த்ரோக்களில்தான் பட்டம் கைக்கு வந்தது. தன் வாழ்க்கையின் மிகப் பெரிய பதினைந்து நிமிடங்களை பெஞ்சில் இருந்து பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன்.

அப்புறம் ஃபில் ஃபோர்ட். இதே மாநிலத்தின் ராக்கி மவுன்ட்காரர். அணியின் பயிற்சியாளர் டீன் ஸ்மித்தின் 'ஃபோர் கார்னர்ஸ்' உத்தி என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட நொடிகளுக்குள் ஷாட் எறிந்தே ஆக வேண்டும் என்று கடிகாரம் வராத காலம். ஒரு சில புள்ளிகள் முன்னால் வந்துவிட்டால் நான்கு பேர் அரைத் திடலின் நான்கு மூலைகளுக்குப் போய்விடுவார்கள். நடுவில் ஃபோர்ட் மட்டும் பந்தைத் தட்டிக்கொண்டு நிற்பார். துரத்தினால் யாருக்காவது பாஸ் போகும். துரத்தாவிட்டால் நேரம் கரையும். ஃபவுல் செய்தால் ஃப்ரீ த்ரோ. எதிரணிக்கு மூச்சு முட்டும். கல்லூரி ஆட்டத்தில் ஷாட் கடிகாரம் 1985-ல் வந்ததற்கு இப்படிப்பட்ட ஆட்டங்கள் முக்கியக் காரணம். எத்தனையோ பேர் அந்த நடு இடத்தில் நின்றிருக்கிறார்கள், ஆனால் அந்த உத்தி ஃபோர்டின் பெயரோடுதான் ஒட்டிக்கொண்டது. 1978-ல் சொந்தத் திடலில் கடைசி ஆட்டம், எதிரே டியூக், 34 புள்ளிகள். அவருடைய 2,290 புள்ளிகள் என்ற சாதனையை முறியடிக்க ஹான்ஸ்ப்ரோவுக்கு முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் முடிந்தது.

ஜோர்டனையும் சேர்த்து இந்த நான்கு பேரை வைத்தே ஒரு ராத்திரி முழுக்கப் பேசலாம்தான். ஆனாலும் ஏதோ ஒன்று குறைந்தது.

கூரையில் தொங்கும் விதி

டீன் ஸ்மித் சென்டருக்குள் போனவர்களுக்குத் தெரியும், உள்ளே நுழைந்ததும் கண் தானாக மேலே போகும். 1986-ல் திறந்த அரங்கம், இருபத்தோராயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். கூரையில் வரிசை வரிசையாகப் பட்டத்துக் கொடிகள், ஜெர்ஸிகள். அந்த ஜெர்ஸிகள் இரண்டு வகை. முதல் வகை, இனி யாரும் அணியக் கூடாது என்று ஓய்வு கொடுக்கப்பட்ட எண்கள். ஜாக் காப், ஜார்ஜ் கிளமாக், ரோஸன்ப்ளூத், ஃபோர்ட், வொர்தி, ஜோர்டன், ஆன்ட்வான் ஜேமிசன், ஹான்ஸ்ப்ரோ: நண்பர் சொன்ன எட்டுப் பேர் இவர்கள்தான். இரண்டாம் வகை மரியாதைக்காக ஏற்றப்பட்டவை. அவை நிறைய உண்டு, அந்த எண்களைப் புதியவர்கள் இன்றும் அணியலாம். முதல் வகைக்குப் போக ஒரே வழி, தேசிய அளவில் ஆண்டின் சிறந்த வீரர் என்ற முக்கிய விருதுகளில் ஒன்றை வென்றிருக்க வேண்டும். அவ்வளவுதான். பட்டம் வென்றாயா, எத்தனை ஆண்டு ஆடினாய், அணி உன்னால் என்ன ஆயிற்று என்ற எதுவும் கணக்கில் இல்லை.

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஓர் ஆட்டத்துக்குப் போயிருந்தபோது, இடைவேளையில் சும்மா மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். 33 என்ற எண் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று ஜேமிசனுடையது, ஓய்வு பெற்றவர்களோடு. 1998-ல் நாட்டின் சிறந்த வீரர் அவர், அதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. இன்னொரு 33, மரியாதை வரிசையில், மற்ற பல பேருக்கு நடுவே. அது சார்லி ஸ்காட்டின் 33. அந்த ஒரு நிமிடத்தில்தான் எனக்கு உறுத்தியது என்னவென்று பிடிபட்டது. என் பட்டியலில் முதலில் வர வேண்டியவர், பேசவே கூடாது என்று வரம்பு கட்டிய கோட்டுக்கு வெளியே இருக்கிறார்.

ஸ்காட் பிறந்து வளர்ந்தது நியூயார்க்கில், பள்ளிப்படிப்பை முடித்தது இந்த மாநிலத்தின் லாரன்பர்க் இன்ஸ்டிட்யூட்டில். வகுப்பில் முதல் மாணவர். முதலில் டேவிட்சன் கல்லூரிக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. அந்த ஊருக்குப் பார்க்கப் போனபோது, ஓர் உணவகத்தில் கறுப்பர்கள் என்பதற்காக உட்கார விடவில்லை. சாப்பல் ஹில்லுக்கு வந்தபோது டீன் ஸ்மித் அவரைத் தன் தேவாலயத்துக்கே அழைத்துப் போனார். உன்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டு, சார்லஸ் என்று அவர் சொன்னதிலிருந்து கடைசிவரை சார்லஸ் என்றே கூப்பிட்டார். ஊரெல்லாம் சார்லி என்று சொன்னாலும் கோச் சொன்னதில்லை. இப்படித்தான் அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு உதவித்தொகை பெற்ற முதல் கறுப்பின மாணவர் 1966-ல் உள்ளே வந்தார். அந்த டீன் ஸ்மித்தின் உருவபொம்மையை அதற்கு முந்தைய ஆண்டுதான் வளாகத்தில் மாணவர்கள் தூக்கில் தொங்கவிட்டிருந்தார்கள், ஆட்டங்களில் தோற்றதற்காக.

1969 மார்ச்

என்னைக் கேட்டால், கரோலினா கூடைப்பந்தின் ஆகப் பெரிய இரண்டு வாரங்கள் 1957-லும் இல்லை, 1982-லும் இல்லை. 1969 மார்ச்சில்தான் இருக்கின்றன. அந்த மாதம் வளாகமே கொதித்துக்கொண்டிருந்தது. பிப்ரவரி கடைசியில் லெனோயர் ஹால் உணவுக்கூடத்தின் ஊழியர்கள், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள், கூலிக்காகவும் மரியாதைக்காகவும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கறுப்பின மாணவர் இயக்கம் அவர்களோடு நின்றது. ஆளுநர் மாநில நெடுஞ்சாலைக் காவலரை வளாகத்துக்குள் அனுப்பினார். அதே வளாகத்தின் கூடைப்பந்துத் திடலில் ஆயிரக்கணக்கான வெள்ளை ரசிகர்கள் கைதட்டிக்கொண்டிருந்தது ஒரு கறுப்பின மாணவனுக்கு. வெளியூர் போனால் நிலைமை வேறு. தென் கரோலினாவில் ஆடி முடித்து வெளியே வரும்போது ஒரு ரசிகர் ஸ்காட்டை மிருகத்தின் பெயர் சொல்லித் திட்ட, எப்போதும் நிதானம் தவறாத டீன் ஸ்மித் அந்த ஆளை அடிக்கப் பாய்ந்து, மற்றவர்கள் பிடித்து நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

மார்ச் 8, சார்லட். கரோலினாவும் டியூக்கும் இருக்கும் பல்கலைக்கழக லீகான ஏசிசி-யின் இறுதியாட்டம், எதிரே அதே டியூக். இன்றைக்கு லீகில் தோற்றாலும் தேசியப் போட்டிக்குப் பல அணிகள் போகின்றன. அன்று ஒன்றே ஒன்றுதான். இந்த ஆட்டத்தில் தோற்றால் சீசன் முழுக்க ஆடியது வீண். பாதி ஆட்டத்தில் கரோலினா பின்னால் இருந்தது. அனுபவசாலியான டிக் க்ரூபர் முழங்கால் போய் வெளியேறிவிட்டார். இரண்டாம் பாதியில் ஸ்காட் மட்டும் 28 புள்ளிகள் எடுத்தார். மொத்தம் 40. மூன்று புள்ளிக் கோடு என்ற ஒன்றே இல்லாத காலம் அது. எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டுதான். ஸ்காட் போட்டவற்றில் பல இன்றைய கணக்கில் மூன்று. 85-74 என்று கரோலினா வென்றது.

அந்த நாட்களில்தான் லீகின் சிறந்த வீரர் விருதும் முடிவாயிற்று. பத்திரிகைக்காரர்கள் வாக்களித்து, தென் கரோலினாவின் ஜான் ரோச்சுக்குக் கொடுத்தார்கள். ரோச் உண்மையிலேயே பெரிய ஆட்டக்காரர், அதை மறைக்க வேண்டியதில்லை. அவருக்குக் கிடைத்ததை மட்டும் வைத்து நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் சில வாக்குச்சீட்டுகளில் லீகின் சிறந்த ஐவர் பட்டியலில்கூட ஸ்காட் பெயர் இல்லை. லீகை வென்ற அணியின் முதல் ஆட்டக்காரர், முந்தைய ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அணியில் இருந்தவர். அவரைவிடச் சிறந்த ஐந்து பேரை அந்த வாக்காளர்கள் எங்கே கண்டார்கள்? ஸ்காட்டுக்குக் காரணம் புரிந்தது. அடுத்த ஆட்டத்தில் இறங்க மாட்டேன் என்று முடிவெடுக்கும் நிலைக்குப் போய்விட்டார். பயிற்சியாளர்கள் அவரிடம் பேசினார்கள். இறங்கினார்.

மார்ச் 15, மேரிலாண்டின் காலேஜ் பார்க். எதிரணி டேவிட்சன். முதலில் சேர இருந்து, உட்கார இடம் கிடைக்காத ஊரைச் சேர்ந்த அதே டேவிட்சன். வென்றால் இறுதி நால்வர். 85-85. கரோலினா பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தை ஓட விட்டது. எல்லோருக்கும் தெரியும் யார் எறியப் போகிறார் என்று, டேவிட்சனுக்கும் தெரியும். ஸ்காட் கூடைக்கு நேர் எதிரே தொலைவில் நின்று, பந்தைத் தட்டி ஓர் அடி ஒதுங்கி, எழும்பி எறிந்தார். 87-85. அவருடைய 32-ஆவது புள்ளி. இந்த ஆட்டத்தில் ஆடவே போவதில்லை என்று இருந்த ஒருவர், தன்னை ஐந்து பேரில் ஒருவராகக்கூட எழுத மனம் வராதவர்கள் பத்திரிகையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கக்கூடிய ஓர் அரங்கில், அந்தக் கடைசிப் பந்தைக் கேட்டு வாங்கிப் போட்டார். ஜோர்டனின் 1982 ஷாட்டைவிட இது பெரிய ஷாட் என்று நான் சொல்வது இதனால்தான். ஜோர்டன் அன்று தவறவிட்டிருந்தாலும் அவர் வொர்தியின் அணியில் ஒரு திறமையான முதலாண்டுப் பையன். ஸ்காட் தவறவிட்டிருந்தால் என்னவெல்லாம் எழுதியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

எதிர்க்கேள்விகள்

நண்பரின் மகனிடம் இதையெல்லாம் சொன்னபோது அவன் சும்மா தலையாட்டவில்லை, நல்ல கேள்விகள் கேட்டான். "மாமா, அவர் டைட்டில் ஜெயிக்கலையே?" ஜெயிக்கவில்லை. 1968-ல் இறுதியாட்டம் வரை போய் யுசிஎல்ஏ-விடம் 78-55 என்று தோற்றார்கள். லூ அல்சிண்டர், பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார், அன்று 34 புள்ளிகள். 1969-ல் அரையிறுதியில் பர்டூ 92-65 என்று புரட்டிப் போட்டது. அதற்குச் சாக்கு சொல்ல முடியாது. ஆனால் அல்சிண்டர் ஆடிய மூன்று ஆண்டுகளும் பட்டம் யுசிஎல்ஏ-வுக்குத்தான், 1970-லும் அவர்களுக்குத்தான். ஸ்காட் ஆடிய மூன்று ஆண்டுகளில் அந்த ஓர் அணியைத் தவிர நாட்டில் யாருமே பட்டம் வெல்லவில்லை.

தேசிய விருது விஷயமும் அப்படியே. அங்கே நிறம்தான் ஸ்காட்டைத் தடுத்தது என்று நான் சொல்ல வரவில்லை. 1968-ல் எல்வின் ஹேய்ஸ், 1969-ல் அல்சிண்டர், 1970-ல் பீட் மாராவிச். முதல் இருவரும் கறுப்பர்கள், மூன்றாமவர் ஆட்டத்துக்குச் சராசரி 44.5 புள்ளிகள் எடுத்தவர். யாராக இருந்தாலும் அந்த மூன்று ஆண்டுகளில் இவர்களைத் தாண்டி விருது வாங்குவது குதிரைக்கொம்புதான். அதனால்தான் அந்த விதி எனக்குப் பிடிக்கவில்லை. ஓர் ஆட்டக்காரன் எவ்வளவு பெரியவன் என்பதை அது அளக்கவில்லை. அவன் எந்த வருடத்தில் பிறந்தான் என்பதை அளக்கிறது. நிறம் குறுக்கே வந்தது லீக் விருதில். 1970-ல் ஸ்காட் ஆட்டத்துக்கு 27.1 புள்ளிகள் எடுத்து லீகிலேயே முதல் இடத்தில் இருந்தார். அந்த வருடமும் விருது ரோச்சுக்கே போனது. ஒரு கறுப்பின வீரருக்கு அந்த விருது முதன்முதலாகக் கிடைத்தது அடுத்த வருடம், 1971-ல், வேக் ஃபாரஸ்டின் சார்லி டேவிஸுக்கு. ஸ்காட் அதற்குள் படிப்பை முடித்துப் போய்விட்டார்.

இன்னொரு கேள்வியை அவன் அப்பா கேட்டார். "முதல் ஆளா வந்தாருங்கிறதுக்காக மார்க் போடுறியா? அது வரலாறு, ஆட்டம் வேற." நியாயமான கேள்வி. அதனால் வரலாற்றை எடுத்துவிட்டு ஆட்டத்தை மட்டும் பார்ப்போம். 91 ஆட்டங்களில் 2,007 புள்ளிகள், சராசரி 22.1. ஹான்ஸ்ப்ரோவின் 20.2-ஐவிட அதிகம், ஜோர்டனின் 17.7-ஐவிட அதிகம், அதுவும் மூன்று புள்ளிக் கோடு இல்லாமல், கூடையிலிருந்து தள்ளி நிற்கும் கார்டாக ஆடி. டீன் ஸ்மித்தின் அணியில் பந்து எல்லோர் கையிலும் போய் வர வேண்டும்; ஒருவர் மட்டும் எறிந்துகொண்டிருப்பதை அவர் விட மாட்டார். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் கடைசி சீசனில் 27 சராசரி. மூன்று சீசனில் இரண்டு இறுதி நால்வர். தேவையான நாளில் 40, தேவையான நாளில் 32. பின்னாளில் என்பிஏ-வுக்குப் போட்டியாக இருந்த ஏபிஏ லீகில் ஒரு சீசனில் 34.6 சராசரியும் எடுத்தார், 2018-ல் கூடைப்பந்தின் ஹால் ஆஃப் ஃபேமிலும் சேர்த்தார்கள். ஆனால் ஜோர்டனின் சிகாகோவைக் கணக்கில் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு இதை மட்டும் எடுப்பது முறையில்லை. சாப்பல் ஹில் கணக்கே போதும்.

ஆனால் வரலாற்றை முழுதாக எடுத்துவிட முடியும் என்றும் நான் நம்பவில்லை. விடுதி அறைக்குத் திரும்பினால் தன்னைப் போன்றவர்கள் கைவிட்டு எண்ணக்கூடிய அளவில் இருக்கும் ஒரு வளாகம். ஒவ்வொரு தவறும் தன் இனத்தின் தவறாகப் பார்க்கப்படும் என்று தெரிந்தே ஆடுவது. அந்தச் சுமை ஆட்டத்துக்கு வெளியே இருப்பதல்ல, ஒவ்வொரு ஷாட்டிலும் இருப்பது. அதோடு, ராக்கி மவுன்ட்டிலிருந்து ஃபோர்டும் கஸ்டோனியாவிலிருந்து வொர்தியும் வில்மிங்டனிலிருந்து ஜோர்டனும், இந்த மாநிலத்தின் கறுப்பினப் பிள்ளைகள், சாப்பல் ஹில்லைத் தங்கள் இடமாக நினைத்து வந்து சேர்ந்தது எல்லாம் ஸ்காட்டுக்குப் பிறகுதான். முதல் இடத்துக்குப் போட்டியிடுபவர்களில் பாதிப் பேர் அவர் திறந்துவைத்த கதவு வழியாக வந்தவர்கள்.

என் வரிசை இதுதான்: ஸ்காட், ஃபோர்ட், ரோஸன்ப்ளூத், ஹான்ஸ்ப்ரோ, ஜோர்டன். இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் யாரை எப்படி மாற்றினாலும் நான் கேட்டுக்கொள்வேன். வொர்திக்கு இடம் இல்லையா என்று யாராவது கேட்டால் ஜோர்டனோடு சேர்த்து மறுபடி யோசிக்கத் தயார். முதல் இடத்தில் மட்டும் மாற்றம் இல்லை. கூரை விஷயத்தில் பல்கலைக்கழகம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு பைசா செலவில்லை. ஜேமிசனுக்காக 33-ஐ ஏற்கெனவே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இனி எந்தப் பையனும் அதை அணியப் போவதில்லை. புதிதாக ஓர் எண்ணை இழக்க வேண்டியதில்லை, யாருடைய பெருமையையும் குறைக்க வேண்டியதில்லை. விதியில் ஒரு வரியைத் திருத்தி, ஸ்காட்டின் 33-ஐ மரியாதை வரிசையிலிருந்து எடுத்து ஜேமிசனின் 33-க்குப் பக்கத்தில் மாட்டினால் போதும். ஸ்காட் அதைப் பார்க்கும் காலத்திலேயே அதைச் செய்ய வேண்டும்.